பழைய வேப்பங்கதவுக்கு ஆயில் எனாமல்: பூசிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டுக்குள் ஏற்கெனவே பெயின்ட் அடித்த பழைய மரக் கதவுகள் இருந்து, அவற்றைப் புதுசாக்க வேண்டும் என்றால், ஆயில் எனாமல் இன்றைக்கும் வாங்கத் தகுந்த சரக்குதான். அதுவும் முழுப் பளபளப்பு உள்ளதையே வாங்கலாம். ஒரே நிபந்தனை, வெள்ளை நிறத்தில் வாங்காதீர்கள். வெள்ளைதான் வேண்டும் என்று பிடிவாதம் இருந்தால் தண்ணீர் எனாமல் (டர்பன்டைனுக்குப் பதில் தண்ணீர் கலக்கும் எனாமல்) பக்கம் போய்விடுங்கள். இரண்டையும் எங்கள் வீட்டில் பூசியாயிற்று. ஒரு மழைக்காலமும் தாண்டிவிட்டது.

வீடு கும்பகோணத்தில். எண்பதுகளில் என் மாமனார் கட்டியது. வாசக்கதவு தேக்கு, அதற்குப் பாலிஷ். அது தனிக் கதை. உள்ளே இருக்கும் அறைக் கதவுகள் எல்லாம் வேம்பு. சட்டம் கூட்டி நடுவில் பலகை கோத்த பழைய மாதிரிக் கதவுகள். கட்டும்போது கையில் காசு மிச்சமில்லை, அதனால் உள் கதவுகளுக்குப் பெயின்ட் அடித்தார்கள். அதன் பிறகு கல்யாணம், வளைகாப்பு என்று ஒவ்வொரு விசேஷத்துக்கும் ஒரு கலர் ஏறிக்கொண்டே வந்தது. ஒரு மூலையைச் சுரண்டிப் பார்த்தால் பச்சை, நீலம், காப்பிக் கலர், க்ரீம் என்று குடும்ப வரலாறே தெரியும்.

"கதவையே மாத்திடுங்க பெரியம்மா, இப்பல்லாம் லேமினேட் ஒட்டின ஃப்ளஷ் டோர்தான்" என்றான் என் தங்கை மகன். உள்ளூர் வேம்பில் ஆசாரி கையால் செய்த கதவைக் கழற்றி எறிந்துவிட்டு அட்டை மாதிரி ஒன்றை மாட்ட எனக்கு மனம் வரவில்லை. சரி, பெயின்ட்தான் என்று முடிவானதும் அடுத்த யோசனை வந்தது: "அப்ப மேட் ஃபினிஷ் அடிங்க. பளபளன்னு அடிச்சா ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும்."

இதில்தான் எனக்கு மாற்றுக் கருத்து. மேட் பரப்பு கண்ணுக்குக் குளிர்ச்சி, மறுக்கவில்லை. ஆனால் நம் வீட்டுக் கதவுகள் படும் பாடு வேறு. அடுப்படிக் கதவில் எண்ணெய்க் கை படும். பூஜை அறைக் கதவில் மஞ்சளும் குங்குமமும் விளக்குப் புகையும் படியும். பேரன் ஸ்டிக்கர் ஒட்டுவான். மேட் பரப்பு இதையெல்லாம் பிடித்து வைத்துக்கொள்ளும். அழுத்தித் தேய்த்தால் தேய்த்த இடம் மட்டும் மினுங்கித் திட்டுத் திட்டாகத் தெரியும். பளபளப்பு எனாமலில் ஈரத்துணியால் ஒரு இழுப்பு போதும். குங்குமம் முழுக்கப் போய்விடுகிறது. மஞ்சள் கறை உடனே துடைத்தால் போகிறது. விட்டுவிட்டால் லேசாக நிற்கும், வெளிச்சம் படும் இடமாக இருந்தால் அதுவும் நாளாக ஆக மங்கிவிடும்.

பளபளப்புக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. அது எதையும் மறைக்காது. கஞ்சி போட்டு இஸ்திரி செய்த வெள்ளை வேட்டியில் சிறு கறையும் கண்ணில் குத்துவதுபோல, ஒரு சின்னப் பள்ளம், ஒரு தூசி, ஒரு பிரஷ் முடி, எல்லாம் ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது அப்பட்டமாகத் தெரியும். "எனாமல் சரியில்லை" என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறவர்களில் பாதிப் பேருக்குக் குறை டப்பாவில் இல்லை, அடியில் இருக்கிறது.

கடைத்தெருவில் போய் எனாமல் கேட்டால் ஆசியன் பெயின்ட்ஸின் அப்கோலைட், பெர்ஜரின் லக்சால், நெரோலாக், டூலக்ஸ் என்று அடுக்குவார்கள். 2024இல் புதிதாக வந்த பிர்லா ஓபஸும் இப்போது வரிசையில் நிற்கிறது. நான் வாங்கியது எது என்று சொல்லவில்லை. எல்லாவற்றிலும் அடிப்படைச் சரக்கு ஒன்றுதான்: அல்கைட் என்ற எண்ணெய் சேர்ந்த பிசின், நிறமி, இளக்க டர்பன்டைன். பெரிய கம்பெனிகளின் நல்ல ரகங்களுக்குள் ஒரு கதவு அளவில் பெரிய வித்தியாசம் தெரியாது என்பது என் கணிப்பு. அதே கம்பெனியின் மலிவு ரகத்துக்கும் நல்ல ரகத்துக்கும்தான் வித்தியாசம் தெரியும். மலிவு ரகம் மூடாது, மூன்றாவது கோட் கேட்கும், பளபளப்பும் சீக்கிரம் மங்கும். டப்பாவின் முகப்பைப் பார்த்து ஏமாறாமல் எந்த ரகம் என்று கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்று. பெயின்டர் ஒரு கம்பெனியை மட்டும் விடாமல் சொன்னால் காரணம் டப்பாவுக்குள்ளேயே இருக்கலாம். பல டப்பாக்களில் பெயின்டருக்கென்று டோக்கன் வைக்கிறார்கள். திறக்கிறவருக்கு அது காசு. எனக்கு அதில் வருத்தமில்லை, அவர் உழைப்புக்கு யாரோ ஒருவர் கூடுதலாகக் கொடுக்கிறார், கொடுக்கட்டும். ஆனால் சிபாரிசு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டு கேட்பது நல்லது.

அளவுக் கணக்கு: 7 அடிக்கு 3 அடிக் கதவு ஒரு பக்கம் 21 சதுர அடி. இரண்டு பக்கம் 42. ஓரங்களும் நிலையும் சேர்த்தால் 60 பக்கம் வந்துவிடும். வழவழப்பான பரப்பில் ஒரு லிட்டர் ஒரு கோட்டுக்கு 100 சதுர அடிக்குக் குறையாமல் வரும். ஆக இரண்டு கோட்டுக்கு ஒரு கதவு லிட்டரைச் சற்றுத் தாண்டும். மூன்று கதவுக்கு 4 லிட்டர் டப்பா ஒன்று வாங்கினால் கொஞ்சம் மிஞ்சும், அந்த மிச்சம் பின்னால் உதவும். நிறத்தில் மெஷினில் கலக்கித் தருவதைவிட கோல்டன் பிரவுன், ஸ்மோக் கிரே போன்ற ரெடிமேட் நிறங்களே வசதி. பிற்பாடு 100 மில்லி டப்பா வாங்கினாலும் கிட்டத்தட்ட அதே நிறம் கிடைக்கும். போஸ்ட் ஆபீஸ் ரெட் என்றே ஒரு சிவப்பு இருக்கிறது. தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் என்பதால் ஒரு நிமிடம் சபலப்பட்டேன், அப்புறம் படுக்கையறையில் தபால் பெட்டி வேண்டாம் என்று ஸ்மோக் கிரே எடுத்துக்கொண்டேன்.

இனி அடி வேலை. எங்கள் மேஸ்திரி வயதானவர், கை சுத்தம். அவருமே முதலில், "மேலாக ஒரு தேய் தேய்ச்சு அடிச்சுடலாம்மா. பழைய பெயின்ட் நல்லாத்தான் புடிச்சிருக்கு" என்றார்.

"புடிச்சிருக்கான்னு பார்த்துட்டு அடிக்கலாமே மேஸ்திரி" என்றேன்.

பார்க்க எளிய வழி உண்டு. பிளேடால் கட்டம் கட்டமாகச் சின்னக் கீறல்கள் போட்டு, அதன் மேல் செல்லோ டேப்பை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழுக்க வேண்டும். டேப்போடு பெயின்ட் வராவிட்டால் பழைய அடுக்கை விட்டுவிடலாம், சொரசொரப்பு மட்டும் ஏற்றினால் போதும். செதில் செதிலாக வந்தால் அந்த இடத்தை மரம் தெரியும்வரை எடுத்தாக வேண்டும். எங்கள் கதவுகளில் மேல்பாதி கெட்டியாக இருந்தது. கீழ்ச்சட்டத்தில், வீடு கழுவும் தண்ணீர் தெறிக்கும் இடத்தில், கையளவு வந்துவிட்டது. மேஸ்திரி ஒன்றும் சொல்லாமல் சுரண்டியை எடுத்துக்கொண்டார்.

தேய்ப்பதற்கு முன்னால் கழுவ வேண்டும், இந்த வரிசை முக்கியம். அடுப்படிக் கதவில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும்போதே உப்புத்தாள் போட்டால் பிசுக்கு கீறல்களுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். வெந்நீரில் சலவைச் சோடா கரைத்துத் துடைத்து, நல்ல தண்ணீரில் அலசிக் காயவிட்டோம். பூஜை அறைக் கதவுக்கு அது போதவில்லை, டர்பன்டைன் தொட்ட துணியால் இன்னொரு முறை துடைக்க வேண்டியிருந்தது. விளக்கில் ஊற்றும் எண்ணெய் படிந்த இடத்தில் எனாமல் ஒட்டாமல் கண் கண்ணாக விலகி நிற்கும்.

தேய்ப்பதில் ஒரு எச்சரிக்கை. பழைய எனாமல்கள் பலவற்றில் ஈயம் உண்டு. வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் கூடாது என்று மத்திய அரசு 2016இல் விதி கொண்டுவந்து 2017 நவம்பரிலிருந்துதான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய அடுக்குகளில் என்ன இருக்கிறது என்று யார் கண்டது? எனவே தூள் பறக்கக் காய்ந்த தேய்ப்பு தேய்க்க விடவில்லை. வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து நனைத்துத் தேய்த்து, வந்த சகதியைத் துணியால் வழித்துத் தனியாக மூட்டை கட்டினோம். சூடு காட்டி உரிக்கும் மெஷினையும் வேண்டாம் என்றேன், அந்தப் புகை இன்னும் மோசம். மருமகளையும் தவழும் பேரனையும் அவள் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டுத்தான் வேலையையே தொடங்கினோம். மரம் வெளியே தெரியும் இடத்தில் மட்டும் தண்ணீர்த் தேய்ப்பு ஆகாது, நார் எழும்பும். அதை நன்றாகக் காயவிட்டு 120, அப்புறம் 180 நம்பர் தாளில் முகமூடி போட்டுக்கொண்டு மர இழை ஓடும் திசையிலேயே தேய்த்தார். மற்ற இடங்களுக்கு 220, கடைசியில் 320.

பட்டி விஷயத்தில் கண்ணைத் திறந்து வைத்திருங்கள். சுவருக்குப் பூசும் வெள்ளை சிமென்ட் பட்டி பாதி மூட்டை எந்த வீட்டிலும் மிச்சம் இருக்கும், அதையே கதவு ஓட்டைக்கும் அப்பிவிடும் பெயின்டர்கள் உண்டு. மரம் மழைக்கு உப்பும், வெயிலுக்குச் சுருங்கும். சிமென்ட் அதோடு சேர்ந்து அசையாது. ஒரு வருடத்தில் வெடிப்பு விடும், பளபளப்புக்கு மேல் அந்த வெடிப்பு கோடு போட்டதுபோல் தெரியும். மேஸ்திரி சாக் பவுடரில் ஆளி விதை எண்ணெயும் கொஞ்சம் எனாமலும் விட்டுப் பிசைந்து, காலண்டர் ஆணி ஓட்டைகளிலும் பழைய தாழ்ப்பாள் இருந்த பள்ளத்திலும் வைத்தார். கடையில் ரெடிமேடாகவும் கிடைக்கிறது. அது சீக்கிரம் காய்கிறது, ஆழமான ஓட்டையில் இரண்டு தடவையாக வைக்க வேண்டும். பட்டி பிசைந்த துணியையும் எனாமல் துடைத்த துணியையும் சுருட்டி மூலையில் போடாதீர்கள். எண்ணெய் காற்றோடு சேர்ந்து தானாகச் சூடேறும், குவியலாகக் கிடந்தால் தீப்பிடிக்கவும் கூடும். விரித்துக் காயப்போட்டு அப்புறம் எறியுங்கள்.

ப்ரைமர் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மரம் தெரிந்த இடத்துக்கும் பட்டி வைத்த இடத்துக்கும் வுட் ப்ரைமர் கட்டாயம், இல்லாவிட்டால் அந்த இடம் எனாமலை உறிஞ்சிக்கொண்டு மங்கலாக நிற்கும்.

எனாமல் எப்போது அடிக்கிறோம் என்பது எந்தக் கம்பெனி என்பதைவிடப் பெரிய விஷயம். ஊரெல்லாம் பொங்கலுக்கு அடிக்கிறார்கள், அதனால் மார்கழியில் பெயின்டர் கிடைப்பதே குதிரைக்கொம்பு. எங்கள் டெல்டாப் பக்கம் மார்கழியில் பனி இறங்கும், சில வருடம் மழையும் விட்டபாடில்லை. எனாமல் காய்வதற்கு முன் ஈரம் படிந்தால் பளபளப்பு செத்துப் பால் படர்ந்ததுபோல் ஆகிவிடும். சித்திரை வெயிலில் அடித்தால் பிரஷ் இழுத்த இடம் சமமாவதற்குள் இறுகிக்கொள்ளும், ஒட்டுப் போட்ட மாதிரி தடம் நிற்கும். நாங்கள் மாசி மாதத்தில் அடித்தோம். பனி விட்டிருந்தது, வெயில் இன்னும் ஏறவில்லை, மேஸ்திரியும் அவசரமில்லாமல் வந்தார்.

கதவைக் கீலிலிருந்து கழற்றி, இரண்டு பெஞ்சுகளின் மேல் படுக்க வைத்து அடித்ததுதான் முழு வேலையிலும் சிறந்த முடிவு. நிற்கும் கதவில் எனாமல் கீழே இறங்கி வழிசல் கட்டும். படுத்த கதவில் தானே பரவிச் சமமாகிவிடும். பித்தளைக் குமிழையும் தாழ்ப்பாளையும் கழற்றியாயிற்று. கும்பகோணத்தில் பித்தளைக்கு மேல் பெயின்ட் அடிப்பது பாவம். எந்த ஊரிலும் கீலின் திருகு மேல் பெயின்ட் அடிப்பது பின்னால் வரும் ஆசாரிக்குச் செய்யும் துரோகம். கழற்றியதில் இன்னொரு லாபம், கதவின் அடி ஓரத்துக்கும் தலை ஓரத்துக்கும் பெயின்ட் கிடைத்தது. கண்ணுக்குத் தெரியாத அந்த இரண்டு ஓரங்களும் இத்தனை வருடம் வெறும் மரமாகவே இருந்திருக்கின்றன. ஐப்பசி பிறந்தால் கதவுகள் உப்பி நிலையில் இறுகியதற்கு அதுவும் ஒரு காரணம். இந்த மழைக்காலத்தில் பின்னறைக் கதவு தோளால் இடிக்காமல் திறந்தது.

அடிக்கும் வரிசை: முதலில் பலகைகள், அப்புறம் அவற்றைச் சுற்றிய விளிம்புகள், நடுச்சட்டம், குறுக்குச் சட்டங்கள், கடைசியாக இரு பக்க நெடுஞ்சட்டங்கள். ஒவ்வொன்றும் முந்தையதன் ஓரத்தில் வழிந்ததை மூடிக்கொண்டே வரும், சட்டம் சேரும் இடத்தில் பிரஷ் தடம் மரத்தின் ஓட்டத்திலேயே போகும். மேஸ்திரி தளர்வாகப் பூசிவிட்டு, கடைசியில் பிரஷ் நுனியால் மட்டும், தொட்டும் தொடாமலும், ஒரே நீட்டில் இழுத்துவிடுவார். அந்த ஒரு இழுப்பைத் தாண்டி மறுபடி அந்த இடத்தைத் தொடுவதில்லை. பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஃபேனை நிறுத்தி, தரையில் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்கிவிட்டு அடித்தோம். ஒரு இரவு காய்ந்ததும் 320 நம்பர் தாளால் லேசாகத் தேய்த்து, துடைத்து, இரண்டாவது கோட். கலக்க டர்பன்டைன் மட்டும், அதுவும் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். மண்ணெண்ணெய் ஊற்றுகிற பழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. காய நாளாகும், பளபளப்பும் போகும்.

பிரஷில் கஞ்சத்தனம் வேண்டாம். முடி உதிரும் மலிவு பிரஷ் ஒன்று நல்ல எனாமலைக் கெடுத்துவிடும். பலகைக்கு 3 அங்குலம், விளிம்புக்கு 1 அங்குலம் போதும்.

இப்போது குறைகள். வாடை முதல் குறை. இரண்டு மூன்று நாள் தலைவலிக்கும் அளவுக்கு இருக்கும். ஆஸ்துமா உள்ளவர்கள் வீட்டில் இருக்கவே கூடாது. அடுத்தது பொறுமை. தொட்டால் ஒட்டாத நிலை அன்றைக்கே வந்துவிடும், ஆனால் உள்ளுக்குள் இறுக ஒரு வாரமாவது ஆகும், ஏனென்றால் டர்பன்டைன் பறந்த பிறகும் எண்ணெய்ப் பகுதி காற்றை எடுத்துக்கொண்டு மெதுவாகத்தான் கெட்டிப்படுகிறது. அதுவரை கதவை நிலையோடு அழுத்திச் சாத்தினால் ஒட்டிக்கொண்டு உரியும்.

மூன்றாவது, ஆரம்பத்தில் சொன்ன வெள்ளை. ஸ்டோர் ரூம் கதவுக்கு முன்பு ஒருமுறை ஆயில் எனாமலில் வெள்ளை அடித்திருந்தோம். ஹால் பக்கம் ஓரளவு வெள்ளையாகவே இருந்தது. உள்பக்கம், வெளிச்சமே படாத பக்கம், பழைய பல் மாதிரி மஞ்சளித்துவிட்டது. எந்தக் கம்பெனி என்பதல்ல பிரச்சினை, இருட்டில் மஞ்சளிப்பது அந்த எண்ணெய்ப் பிசினின் சுபாவம்.

அதனால் இந்த முறை அந்தக் கதவுக்கு மட்டும் தண்ணீர் எனாமல் வெள்ளை. விலை கூடுதல். வாடை அநேகமாக இல்லை, பிரஷைக் குழாயில் கழுவிவிடலாம், மதியத்துக்குள் அடுத்த கோட். இன்றுவரை உள்பக்கமும் வெள்ளையாகவே இருக்கிறது. ஆனால் பழைய ஆயில் எனாமல் மேல் அது பிடிக்க, பளபளப்பு முழுக்கச் சாகும்வரை தேய்க்க வேண்டியிருந்தது. சீக்கிரம் காய்வதால் பிரஷ் தடம் நிற்கிறது, ஜன்னல் பக்கத்திலிருந்து பார்த்தால் கோடுகள் தெரிகின்றன. பளபளப்பும் பக்கத்துக் கதவோடு ஒப்பிட்டால் ஒரு படி குறைவு. வெயில் நாளில் நிலையோடு லேசாக ஒட்டி, திறக்கும்போது 'டப்' என்று ஒரு சத்தம் வருகிறது. டப்பாவின் மேல் கண்ணாடி போன்ற பளபளப்பு என்று போட்டிருக்கிறார்கள். கண்ணாடியில் முகம் தெரிய வேண்டுமல்லவா, இதில் ட்யூப் லைட் மட்டும்தான் தெரிகிறது. ஸ்டோர் ரூமுக்குப் போதும். ஹாலுக்கு நான் அடிக்க மாட்டேன்.

ஆயில் எனாமலுக்கு ஐந்துக்கு நாலரை கொடுப்பேன், அரை மார்க் வாடைக்குக் குறைத்தது. தண்ணீர் எனாமலுக்கு மூன்று.

மிஞ்சிய எனாமலைப் பெரிய டப்பாவிலேயே வைத்தால் ஆடை கட்டி வீணாகும். சின்னக் கண்ணாடிப் புட்டியில் வாய்வரை ஊற்றி இறுக மூடி, கதவின் பெயரையும் தேதியையும் எழுதி வையுங்கள். பேரன் மூன்று சக்கர சைக்கிளை அடுப்படிக் கதவில் மோதியபோது எங்களுக்கு அது உடனே தேவைப்பட்டது.